ரசீது எண் இருநூற்றுப் பன்னிரண்டு

சன்னல் மூட மூன்று நாள்.
வீட்டுச் சன்னலில்லை,
ஆட்டக்காரர்கள் கிளப் மாறுகிற சன்னல்.
எங்கள் கொருக்குப்பேட்டை ரோவர்ஸுக்கு
அதன் வழியே வந்தவர்கள் குறைவு,
எகிறிக் குதித்துப் போனவர்கள் நிறைய.

ரயில்வே கேட் விழுந்து இருபது நிமிடம்.
எண்ணெய் டேங்கர்களை இழுத்து வந்த கூட்ஸ்
போவதா வேண்டாமா என்று நிற்கிறது.
தஸ்தகீர் கடையில் டீ ஆறுவதற்குள்
ஜெபசிங்கை நாங்கள்
இரண்டு ஊருக்கு விற்றுவிட்டோம்.

"கோவா. பேசி முட்ச்சாச்சு," என்கிறான் கஜபதி.
யார் சொன்னது?
ஏர்போர்ட்டில் ட்ராலி தள்ளும் அவன் மச்சான்.
பூட்ஸைப் பையின் வெளியே தொங்கவிட்டு
ஜெபசிங் மாதிரியே ஒருவன் வரிசையில் நின்றானாம்.
மாதிரி என்றால்?
"பின்பக்கம்தான். அந்த நடை எனக்குத் தெரியாதா?"
பார்த்தது மச்சான்,
நடை தெரிந்தது இவனுக்கு.

எட்டியப்பனுக்குக் கல்கத்தா.
போன ஞாயிறு பாதியில் வெளியே கூப்பிட்டபோது
ஜெபசிங் கோல் கம்பத்தைத் தொட்டுவிட்டுப் போனான்,
திரும்பி வரமாட்டேன் என்பவன்தான் அப்படித் தொடுவான்.
பவுலின் பன்னை நனைத்தபடி சொன்னாள்:
"அவன் அடிச்ச பந்து அந்தக் கம்பத்துலதான் பட்டுச்சு.
திட்டிட்டுப் போனான்யா."

நான் பேசவில்லை.
பகலெல்லாம் மின்வாரியக் கவுன்டரில்
அடுத்தவர் வீட்டு யூனிட்டுக்குப் பணம் வாங்குகிறேன்,
அந்தப் பழக்கத்துக்காகவே
ரசிகர் நிதிக்கு என்னைப் பொருளாளராக்கினார்கள்.
ஆளுக்கு ஐந்நூறு. ரசீது உண்டு.
முந்நூறு பேர் சேர்ந்தால்
கிளப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு,
கமிட்டியில் ஒரு நாற்காலி.
கன்டெய்னர் லாரி ஓட்டும் முதலாளி
அவர் வாயாலேயே சொன்னது.
"நாற்காலி உண்டும்மா.
கை தூக்கறதுதான் இப்போதைக்கு வேணாம்."

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு கட்சி.
"உக்காந்தா காதுல விழும்ல, அது போதும்," கஜபதி.
"காது குத்தத்தான்யா நாற்காலியே போடறாங்க," பவுலின்.
ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
அடுத்த ஆட்டத்தில் முரசு ஒரு பக்கமும்
குச்சி இன்னொரு பக்கமும் உட்கார்ந்திருந்தன.

கேட்டின் இந்தப் பக்கம் ஸ்கூட்டர் ஒன்று நின்றது,
முன்னால் இரண்டு தண்ணீர் கேன்.
ஹெல்மெட்டைக் கழற்றினால், ஜெபசிங்.
கோவாவிலிருந்து இல்லை,
மூலக்கொத்தளத்திலிருந்து.

யாரும் டீயை உறிஞ்சவில்லை.
அவனேதான் வந்தான்.
"அண்ணே, நான் போறேன்னு பேசிக்கறாங்களாமே.
எங்க போறேன்? எதுனா தெரியுமா?
எங்கிட்ட யாரும் சொல்லல.
மூணு மாசமா சம்பளமும் வரல."

கஜபதி டம்ளருக்குள் எதையோ தேடினான்.
எட்டியப்பன்தான், குரலைத் தாழ்த்தி,
"கல்கத்தான்னா போவியா?"
"காசு தருவாங்கன்னா போவேண்ணே."
சிரித்தான். சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.

பிறகு என் பக்கம் திரும்பி
பர்ஸிலிருந்து இருநூறு, இருநூறு, ஒரு நூறு.
"நானும் சேரலாமாக்கா?"
ஆட்டக்காரர் சேரக்கூடாது என்று விதியில் இல்லை.
விதியை எழுதியது நான்.
எழுதும்போது இது தோன்றவில்லை.
வேண்டாம் வையுங்கள் என்று சொல்ல
வாய் வரை வந்தது.
நூறு ரூபாய்த் தாளின் ஓரம் ஈரமாயிருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு,
ஜெ. ஜெபசிங், ஒரு பங்கு.
கார்பன் தேய்ந்து போனது,
அழுத்தி எழுதினேன்.

கூட்ஸுக்கு மனசு வந்தது. கேட் ஏறியது.
கேன்கள் தடதடக்க
தண்டவாளத்தைத் தாண்டிப் போனான்.

கொஞ்ச நேரம் ஆட்டோ சத்தம் மட்டும்.
"கேரளான்னு நெனைக்கறேன்," என்றான் கஜபதி,
"ரெண்டு கேனும் காலி. கவனிச்சீங்களா?
வீட்டைக் காலி பண்றவன்தான்
கேனைத் திருப்பிக் குடுப்பான்."

அடிக்கட்டையைப் புரட்டினேன்.
பெயர் நன்றாக விழுந்திருந்தது.
முகவரி என்ற இடத்தில்
ஒன்றும் கேட்டு எழுதவில்லை நான்.

கஜபதியிடம் அதைச் சொல்லவில்லை.